எலுமிச்சை இலை ஏன் மஞ்சளாகிறது?

மூலை வீடோ தொடர்வீடோ, வாசலில் நான்கடி மண் இருந்தால் போதும்; மலேசியத் தமிழர் வீடுகள் பலவற்றில் ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கும். அதற்குப் பக்கத்தில் ஓர் எலுமிச்சையோ மாங்கன்றோ கொய்யாவோ இருக்கும். நாற்றுப் பண்ணையில் வாங்கும்போது கன்று பச்சைப் பசேலென்று இருந்திருக்கும். மண்ணில் நட்டு ஐந்தாறு மாதம் ஆனதும் இலைகள் மஞ்சளாகத் தொடங்கும், சில சுருளும், சிலவற்றில் புள்ளி விழும்.

அப்போது வீட்டில் என்ன நடக்கும்? தண்ணீர் போதவில்லை என்று பாட்டி காலையும் மாலையும் ஊற்றுவார். உரம் போதவில்லை என்று அப்பா கோழி எருவை அள்ளிப் போடுவார். பூச்சிதான் காரணம் என்று பக்கத்து வீட்டு மாமா மருந்துப் புட்டியைக் கொடுத்து அனுப்புவார். மூன்றும் ஒரே வாரத்தில் நடந்துவிடும். அடுத்த மாதம் கன்று பட்டுப்போனால், அதைக் கொன்றது எது என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீராகவும் இருக்கலாம், எருவாகவும் இருக்கலாம், மருந்தாகவும் இருக்கலாம். முதலில் வந்த நோய் எது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் காரணத்தையும் தேடிய பிறகே மருத்துவம் செய்ய வேண்டும் என்று திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் கூறுகிறார். மனிதர்க்குச் சொன்ன அந்த வரிசை மரத்துக்கும் பொருந்தும். இலை மஞ்சளாவது மனிதனுக்குக் காய்ச்சல் வருவது போன்றது. காய்ச்சல் ஒரு நோயன்று. பல நோய்களுக்கு அது பொதுவான அறிகுறி. இலையில் உள்ள பச்சையம் குறைந்தால், அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளியே தெரிகிறது. பச்சையம் ஏன் குறைந்தது என்பதே கேள்வி. அதற்குக் குறைந்தது ஏழெட்டு விடைகள் உண்டு.

எனினும், கன்றில் காணும் எல்லா மாற்றமும் நோயாகிவிடாது. மாமரத்தின் தளிர் செம்பு நிறத்தில், துவண்டு தொங்கிக்கொண்டு வெளிவரும். முதன்முதலாக மா வளர்ப்பவர்கள் அது வாடுகிறது என்று பதறுவது உண்டு. இரண்டு மூன்று வாரங்களில் அந்த இலைகள் நிமிர்ந்து பச்சையாகிவிடும். ஜம்பு மரத்தின் தளிரும் சிவந்தே வரும். டுரியான் இலையின் மேற்பக்கம் கரும்பச்சை. அடிப்பக்கமோ பொன்னும் பழுப்பும் கலந்த நிறம். அதுவும் பிறவி நிறமே. கிளையின் அடியில் உள்ள முதிய இலைகள் ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிர்வதும் இயல்பு. ஆண்டு முழுவதும் பசுமையாய் இருக்கும் மரங்களும் இலையுதிர்க்கின்றன. ஒரே நேரத்தில் உதிர்க்காததால் நமக்குத் தெரிவதில்லை.

இயல்பான மாற்றம் இல்லை என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்று உண்டு. மஞ்சளானவை முதிய இலைகளா, இளம் இலைகளா? கேள்வி எளியது; ஆனால் சத்துக் குறைபாட்டைக் கண்டறிய இதைவிடப் பயனுள்ள கேள்வி வேறில்லை.

இதன் காரணத்தைப் புரிந்துகொள்ள, மரத்துக்குள் சத்துகள் நகரும் விதத்தை அறிய வேண்டும். தழைச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் ஆகியவை மரத்துக்குள் எளிதில் இடம்பெயரக்கூடியவை. அவற்றில் ஒன்று குறைந்தால், மரம் தன் முதிய இலைகளில் இருப்பதை எடுத்து வளரும் தளிருக்கு அனுப்பிவிடும். வீட்டில் அரிசி குறையும்போது பெரியவர்கள் தங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டு குழந்தைக்கு ஊட்டுவதைப் போன்றது இது. ஆகவே, முதலில் வெளிறுவது கீழே உள்ள முதிய இலைகள். இரும்பும் துத்தநாகமும் அப்படி இல்லை. ஓர் இலையில் போய்ச் சேர்ந்துவிட்டால் அவை அங்கேயே தங்கிவிடும். மீண்டும் எடுத்து வேறிடத்துக்கு அனுப்புவது கடினம். எனவே அவை குறைந்தால், முதிய இலைகள் பச்சையாகவே இருக்க, நுனியில் வரும் புது இலைகள் மஞ்சளாக வெளிவரும்.

இதை அறிந்தால் அடுத்த அடி எளிது. முதிய இலை முழுவதும், நரம்பு உட்பட, ஒரே சீராக வெளிறியிருந்தால் தழைச்சத்துக் குறைவு என்று கொள்ளலாம். எலுமிச்சையின் முதிய இலையில் ஓரங்கள் மஞ்சளாகி, காம்பை ஒட்டிய பகுதி மட்டும் முக்கோணமாகப் பச்சையாய் நின்றால் அது மெக்னீசியக் குறைவு. அடிக்கடி மழை பெய்து சத்துகள் கரைந்து ஓடும் மண்ணில் இது மிகச் சாதாரணம். எப்சம் உப்பு எனப்படும் மெக்னீசியம் சல்பேட்டைச் சிறிதளவு இட்டுச் சரிசெய்யலாம். ஆனால், முன்பே மஞ்சளான இலை மீண்டும் முழுப் பச்சையாகும் என்று காத்திருக்கக் கூடாது. அடுத்து வரும் இலைகளைத்தான் பார்க்க வேண்டும். முதிய இலையின் ஓரமும் நுனியும் மட்டும் தீய்ந்தால் சாம்பல்சத்துக் குறைவாக இருக்கலாம்.

புதிய இலை மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் மெல்லிய வலைபோலப் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்து எட்டவில்லை என்று பொருள். ‘இல்லை’ என்று சொல்லாமல் ‘எட்டவில்லை’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மலேசிய மண்ணில் இரும்பு ஏராளம். பல இடங்களில் மண் செந்நிறமாக இருப்பதே அதனால்தான். அப்படியிருக்கச் செடிக்கு ஏன் கிடைக்கவில்லை? புதிய வீடமைப்புப் பகுதிகளில் வீட்டைச் சுற்றித் தோண்டிப் பார்த்தால் விடை கிடைக்கும். கட்டடம் கட்டியபோது மிஞ்சிய சிமெண்டுக் கட்டிகளும் உடைந்த செங்கல்லும் மேலே பரப்பிய ஒரு சாண் மண்ணுக்குக் கீழே புதைந்திருக்கும். சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு தன்னைச் சுற்றியுள்ள மண்ணின் காரத்தன்மையை உயர்த்துகிறது. கார மண்ணில் இரும்பு கரைவதில்லை. கரையாததை வேர் உறிஞ்ச முடியாது. அங்கே உரத்தை எவ்வளவு கொட்டினாலும் பயன் குறைவு. சிமெண்டுக் கட்டிகளை அகற்றி, மக்கிய எரு கலந்த நல்ல மண்ணை நிரப்புவதே வழி. கன்று நடும் முன்பே இதைச் செய்திருந்தால் வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.

துத்தநாகம் குறைந்தாலும் புதிய இலைகளில் நரம்புகளுக்கு இடையே மஞ்சள் படரும். கூடவே இலைகள் சிறுத்தும் குறுகியும் நெருக்கமாக வரும். இந்தக் குறைபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இதே தோற்றத்தில் வரும் வேறொரு நோயைப் பின்னர் பார்க்க வேண்டியிருக்கிறது.

இலையில் தெரியும் குறையின் காரணம் வேரில் இருப்பதும் உண்டு. மண் ஈரமாகவே இருந்தும் கன்று நண்பகலில் வாடினால், மேலும் தண்ணீர் ஊற்றுவது அதைக் கொல்லும். வேருக்கும் காற்று வேண்டும். களிமண்ணில் குழி தோண்டி மென்மையான மண்ணை இட்டுக் கன்றை நட்டால், மழை நாளில் அந்தக் குழி ஒரு கிண்ணம்போல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றில்லாமல் வேர் மூச்சுமுட்டும். பிறகு அழுகல் நோய்க்கிருமிகள் புகும். ஓரமாக மண்ணைக் கிளறி ஒரு சிறு வேரை எடுத்துப் பார்த்தால் தெரியும். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகிய வேரின் மேல்தோல் இழுத்ததும் கழன்று வர, உள்ளே நூல்போன்ற நடுப்பகுதி மட்டும் மிஞ்சும், நாற்றமும் வரும்.

நடுவதற்கு முன் ஓர் எளிய சோதனை செய்யலாம். ஓரடி ஆழக் குழி தோண்டி நீரை நிரப்ப வேண்டும். மறுநாளும் நீர் நின்றால் அந்த இடத்தில் குழியில் நடக் கூடாது. மண்ணை மேடாகக் குவித்து அதன்மேல் நட வேண்டும். கன்று வந்த கறுப்பு நெகிழிப் பையைக் கழற்றாமல் அப்படியே புதைப்பவர்களும் இருக்கிறார்கள். பைக்குள்ளேயே வட்டமாகச் சுற்றி வளர்ந்த வேர்களைப் பிரித்துவிடாமல் நடுவதும் அதற்குச் சற்றும் குறையாத தவறு. சீனப் புத்தாண்டுக்கு வாங்கும் தொட்டிக் கஸ்தூரி எலுமிச்சையைப் பெருநாள் முடிந்ததும் தோட்டத்தில் நடும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

உரம் மிகுந்தாலும் இலை தீயும். மக்காத கோழி எருவை அடிமரத்தை ஒட்டிக் குவித்தால், அதில் உள்ள உப்புகள் வேரிலிருந்து நீரை வெளியே இழுத்துவிடும். ஒரு வாரத்திற்குள் இலை நுனிகள் ஒரே சமயத்தில் பழுப்பாகும். எரு போட்ட தேதியை எழுதி வைத்திருந்தால் காரணம் உடனே புரியும். ஆனால் யாரும் எழுதி வைப்பதில்லை.

மண்ணையும் வேரையும் பார்த்த பிறகு இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பூச்சிகள் வெயிலும் மழையும் படாத அடிப்பக்கத்தில்தான் குடியிருக்கும். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது. கைப்பேசியின் புகைப்படக் கருவியைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் போதும்.

எலுமிச்சைக் கன்றின் இளம் இலையில் வெள்ளிக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடினால் அது இலைச் சுரங்கப் புழுவின் வேலை. கொசு அளவே உள்ள ஓர் அந்துப்பூச்சியின் புழு, இலையின் மேல்தோலுக்கு அடியில் சுரங்கம் தோண்டிச் செல்கிறது. சுரங்கத்தின் நடுவே கறுப்பாகத் தெரியும் மெல்லிய கோடு அதன் கழிவு. இலை சுருண்டு அசிங்கமாகும். ஆனால் மரத்துக்கு உயிராபத்து அரிது. புழு இலைக்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து எளிதில் எட்டாது. சுருண்ட இலைகளைக் கிள்ளி எறிவதும் தேவையற்றது. எஞ்சிய பச்சைப் பகுதி இன்னும் மரத்துக்கு உணவு தயாரித்துக்கொண்டிருக்கிறது.

இலையின்மேல் பறவை எச்சம்போல் ஏதேனும் ஒட்டியிருந்தால் துடைத்துவிடும் முன் உற்றுப் பார்க்க வேண்டும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு அந்த வேடத்தில்தான் பறவைகளை ஏமாற்றுகிறது. வளர்ந்ததும் பச்சை நிறத்துக்கு மாறும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைபோன்ற கொம்பை நீட்டி, வீச்சம் வீசும். ஐந்தாறு புழுக்கள் சேர்ந்தால் சிறு கன்றை ஒரு வாரத்தில் மொட்டையாக்கிவிடும். கறிவேப்பிலையும் அவற்றுக்கு விருப்பமான உணவே. கையால் எடுத்து அப்புறப்படுத்துவதே போதும். வண்ணத்துப்பூச்சி வேண்டும் என்று நினைப்பவர்கள், பெரிய கறிவேப்பிலை மரத்துக்கு அவற்றை மாற்றிவிடலாம். அந்த மரம் நான்கு புழுக்களுக்குச் சோறு போட்டு நொடித்துப்போகாது.

மாங்கன்றில் நடக்கும் ஒரு விந்தையைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. காலையில் எழுந்து பார்த்தால் இளந்தளிர்கள் கத்தரியால் வெட்டியதுபோல் நேராக வெட்டப்பட்டுத் தரையில் கிடக்கும். காம்பருகே ஒரு சிறு துண்டு மட்டும் கிளையில் மிஞ்சியிருக்கும். யாரோ விளையாட்டாக வெட்டிவிட்டார்கள் என்று வீட்டுப் பிள்ளைகள்மீது பழி விழுவதும் உண்டு. வெட்டியது இலை வெட்டும் கூன்வண்டு. அரிசி மணியளவே உள்ள இந்த வண்டின் பெண், இளம் இலையின் நடுநரம்பை ஒட்டி முட்டைகளை வைக்கிறது. பிறகு இலையைக் காம்பருகே குறுக்காக வெட்டிக் கீழே தள்ளுகிறது. விழுந்த இலையையே தின்று வளரும் புழு, பின்பு மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி, மீண்டும் வண்டாக வெளிவருகிறது. இதன் வாழ்க்கையை அறிந்தவருக்கு மருந்து தேவையில்லை. தரையில் கிடக்கும் இலைத் துண்டுகளை அன்றன்றே பொறுக்கிக் கட்டிய பையில் போட்டுவிட்டால், அடுத்த தலைமுறையே இல்லாமல் போகும். அறியாதவரோ மரத்தின்மேல் மருந்தடிப்பார். முட்டைகள் தரையில் பத்திரமாக இருக்கும்.

இலைமேல் கரிபூசியதுபோல் கறுப்புப் படலம் தெரிந்தால் விரலால் துடைத்துப் பார்க்க வேண்டும். துடைத்ததும் போய்விட்டால் அது கரும்பூஞ்சை. அந்தப் பூஞ்சை இலையை உண்பதில்லை. செதில் பூச்சி, மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ ஆகியவை சாறு உறிஞ்சிக் கழிக்கும் இனிப்பு நீரின்மேல் வளர்கிறது. அந்த இனிப்புக்காக எறும்புகள் வரும். வந்த எறும்புகள் பூச்சிகளை எதிரிகளிடமிருந்து காக்கும். எனவே கறுப்பு நிறத்துக்குக் காரணம் தேட, எறும்புச் சாரையைப் பின்தொடர்ந்து மேலே போக வேண்டும். அதன் முடிவில் பூச்சிக் கூட்டம் இருக்கும். சோப்பு நீரால் கழுவினால் பெரும்பாலும் குறையும்.

எறும்புகளைப் பற்றிப் பேசும்போது முசுறு எறும்பையும் சொல்ல வேண்டும். மலாய் மொழியில் கெரெங்கா எனப்படும் இந்தச் செவ்வெறும்பு இலைகளைத் தைத்துக் கூடு கட்டும். கடித்தால் சுரீரென்று வலிக்கும். ஆயினும் மரத்தில் ஏறும் புழுக்களையும் வண்டுகளையும் அது வேட்டையாடுகிறது. ஆரஞ்சு மரங்களைக் காக்க இந்த எறும்புக் கூடுகள் சந்தையில் விற்கப்பட்டதாகக் கி.பி. 304ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கூறப்படும் ஒரு சீன நூல் சொல்கிறது. மாவுப்பூச்சியை வளர்க்கும் குற்றமும் அதற்கு உண்டு என்பதால், முழுநண்பன் என்று சொல்லிவிட முடியாது.

புள்ளிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். எலுமிச்சை இலையில் தடவினால் சொரசொரப்பாக மேலெழும்பி, சுற்றிலும் மஞ்சள் வளையம் உள்ள புள்ளி சொறிநோய். இது பாக்டீரியாவால் வருவது. மழைத்துளி தெறித்து இலைக்கு இலை பரவும். சுரங்கப் புழு ஏற்படுத்திய காயத்தின் வழியாகவும் நுழையும். ஈரமான நாளில் மாந்தளிரில் வரும் ஒழுங்கற்ற கரும்புள்ளி ஒரு பூஞ்சை நோய். பெர்லிஸ் மாநிலத்தின் ஹாருமானிஸ் மாங்கன்றை மழை மிகுந்த பகுதிகளில் நடுபவர்கள் இதை அடிக்கடி சந்திக்க நேரும். கொய்யா, மா இலைகளில் துருப்பிடித்ததுபோல் செம்பழுப்பு நிறத்தில் வட்டமாகத் தெரிவது பூஞ்சைகூட அன்று. அது இலையில் வாழும் ஒருவகைப் பாசி. மூன்றுக்கும் பொதுவான முதல் வைத்தியம், நெருங்கிய கிளைகளைக் கழித்துக் காற்றும் வெளிச்சமும் புகச் செய்வதும், விழுந்த இலைகளைக் கூட்டி அகற்றுவதும்தான்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை கன்று தாங்கிக்கொள்ளக்கூடியவை. தாங்க முடியாத ஒன்றும் இருக்கிறது. அதைத்தான் துத்தநாகக் குறைபாட்டின் சாயலில் வரும் நோய் என்று முன்பு குறிப்பிட்டோம். ஆங்கிலத்தில் ‘சிட்ரஸ் கிரீனிங்’ என்றும், சீன மொழியில் ‘ஹுவாங்லோங்பிங்’ என்றும் அதை அழைக்கிறார்கள். எலுமிச்சை, கஸ்தூரி எலுமிச்சை, ஆரஞ்சு, பம்பளிமாஸ் என்று அந்தக் குடும்பம் முழுவதையும் தாக்கும் இந்நோய், மரத்தின் உணவு செல்லும் குழாய்களில் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருகிறது. நோய் கண்ட மரத்தைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது.

குறைபாட்டையும் இந்த நோயையும் பிரித்தறிய ஒரு பேனா போதும். மஞ்சளான இலையின் நடுநரம்புக்கு இடப்புறம் ஒரு சிறு வட்டம் வரைய வேண்டும். வலப்புறம் அதற்கு நேர் எதிரே அதே அளவில் இன்னொரு வட்டம். இரண்டு வட்டங்களுக்குள்ளும் நிறம் ஒன்றாக இருந்தால் சத்துக் குறைபாடு என்று எண்ண இடமுண்டு. மெக்னீசியமோ துத்தநாகமோ குறைந்தால் இலையின் இரு பாதியும் ஒன்றைப்போல் ஒன்று மஞ்சளாகும். நோயால் வரும் மஞ்சளுக்கு அந்த ஒழுங்கு இல்லை. ஒரு பக்கம் பச்சை, எதிர்ப்பக்கம் மஞ்சள் என்று திட்டுத்திட்டாக, நரம்புகளைக் கடந்தும் படரும். இரண்டு மூன்று இடங்களில், பல இலைகளில் இப்படிச் சோதிக்க வேண்டும். மரம் முழுவதும் இல்லாமல் ஒரு கிளை மட்டும் மஞ்சளாவது, காய் ஒருபக்கமாகக் கோணி வளர்வது, பழுக்கும்போது அடிப்பக்கம் பச்சையாகவே நிற்பது, சாறு கசப்பது ஆகியவையும் சேர்ந்தால் ஐயம் வலுக்கும். முடிவாகச் சொல்ல ஆய்வுக்கூடச் சோதனை வேண்டும். அருகிலுள்ள விவசாயத் துறை அலுவலகத்தில் இலையைக் காட்டி ஆலோசனை கேட்கலாம்.

நோயைச் சுமந்து வருவது ‘சில்லா’ எனப்படும் சாறு உறிஞ்சும் பூச்சி. நீளம் மூன்று நான்கு மில்லிமீட்டர். தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கிச் சாய்வாக அமரும் அதன் தோரணையே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதன் குஞ்சுகள் தளிர்களில் மொய்த்து, வெண்மையான மெழுகு இழைகளை வெளியிடும். இந்தப் பூச்சி எலுமிச்சையில் மட்டும் வாழ்வதில்லை. வேலியாக வளர்க்கும் கெமுனிங் செடியிலும், கறிவேப்பிலை மரத்திலும் முட்டையிட்டுப் பெருகும். கறிவேப்பிலை மரம் இந்நோயால் வாடுவதில்லை. ஆனால் பூச்சிக்குத் தொட்டிலாகிவிடுகிறது. ஒவ்வொரு நாளும் தாளிக்கக் கொழுந்து பறிக்கும் மரமும், அதற்குப் பக்கத்தில் நிற்கும் எலுமிச்சையும் இப்படிப் பிணைந்திருப்பது பல வீடுகளில் யாரும் எண்ணிப் பார்க்காத செய்தி.

பூச்சி மட்டுமே காரணமன்று; மனிதர்களும் நோயைப் பரப்புகிறார்கள். நன்றாகக் காய்க்கிறதே என்று பக்கத்து வீட்டு மரத்தில் பதியம் போட்டுக் கன்று வாங்குவது வழக்கம். நோய் மரத்துக்குள் நுழைந்து, இலையில் அறிகுறி காட்டப் பல மாதங்கள், சிலவேளை ஆண்டுகளே ஆகும். அந்த இடைவெளியில் எடுத்த பதியம் வெளியே பச்சையாக இருக்கும். உள்ளே நோயோடு வரும்.

இந்நோயின் வலிமைக்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் சான்று. 2003-2004ஆம் பருவத்தில் அங்கே 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்தது. 2005இல் நோய் கண்டறியப்பட்டது. 2022-2023ஆம் பருவத்தில் விளைச்சல் 2 கோடிப் பெட்டிக்கும் கீழே இறங்கியது. இடையில் வீசிய புயல்களுக்கும் அதில் பங்குண்டு என்றாலும், முதன்மைக் காரணம் இந்த நோயே. மலேசியாவில் தெரெங்கானுவின் பெயர்பெற்ற லீமாவ் மாடு தோட்டங்களும் இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டன.

சுங்கைப்பட்டாணியில் ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். தாத்தா வைத்த எலுமிச்சை மரம் அது. பொங்கலுக்கும் ஊறுகாய்க்கும் அதிலிருந்தே காய் பறிப்பார்கள். தாத்தா இப்போது இல்லை. சோதனையில் நோய் உறுதியாகிவிட்டது. மரத்தில் இன்னும் பாதிக்கு மேல் பச்சைதான். “இன்னும் காய்க்கிறதே, இருந்துவிட்டுப் போகட்டும்” என்று பாட்டி சொல்கிறார். மஞ்சள் கிளையை மட்டும் வெட்டினால் போதாதா என்று அப்பா கேட்கிறார். அக்கிளையில் அறிகுறி தெரிவதற்கு முன்பே பாக்டீரியா மற்றக் கிளைகளுக்கும் வேருக்கும் போயிருக்கும் என்பதால் கிளை வெட்டுவது பயன் தராது. மரம் நிற்கும் ஒவ்வொரு மாதமும் பூச்சிகள் அதன் சாற்றைக் குடித்து, அந்த வரிசையில் உள்ள மற்ற வீட்டு மரங்களுக்குப் பறந்துகொண்டிருக்கும். மரம் தாத்தாவுடையது, நோய் தெருவுக்கே உரியது. இந்த இரண்டையும் பாட்டியிடம் யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். வெட்டுக்கத்தியைத் தூக்குவதைவிட அதுவே கடினமான வேலை.

வெட்ட முடிவு செய்தாலும் உடனே வெட்டிவிடக் கூடாது. முதலில் பூச்சிகளைக் கட்டுப்படுத்த வேண்டும். இல்லையேல் மரம் சாய்ந்ததும் அதிலிருந்த பூச்சிகள் எல்லாம் அடுத்த எலுமிச்சையைத் தேடிக் கிளம்பிவிடும். இதற்குப் பதிவு பெற்ற மருந்தைப் பெரியவர்கள் மட்டுமே, புட்டியில் எழுதியுள்ள அளவையும் பாதுகாப்பு முறையையும் பின்பற்றித் தெளிக்க வேண்டும். பக்கத்தில் கறிவேப்பிலை இருந்தால் கூடுதல் கவனம் தேவை; மருந்துத் துளி பட்ட கொழுந்து அன்றைய சாம்பாருக்குப் போய்விடக் கூடாது. அதன்பிறகு மரத்தை வெட்டி, அடிக்கட்டையையும் தோண்டி எடுக்க வேண்டும். கட்டையை விட்டுவைத்தால் சில வாரங்களில் அதிலிருந்து பளபளவென்று புதுத் துளிர் வரும். மரம் பிழைத்துக்கொண்டது என்று வீட்டார் மகிழ்வார்கள். அந்தத் துளிரிலும் நோய் இருக்கும். பூச்சிக்கு மிகவும் பிடித்ததும் துளிரே.

கறிவேப்பிலை மரத்தை வெட்ட வேண்டியதில்லை. ஆனால் அதை உயர வளரவிடாமல், கைக்கெட்டும் அளவில் கவாத்து செய்து, கொழுந்துகளின் அடிப்பக்கத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். நோய் மண்ணில் தங்குவதில்லை. ஆகவே அதே இடத்தில் மீண்டும் எலுமிச்சை நடலாம். கன்றை மட்டும் பக்கத்து வீட்டுப் பதியமாக அல்லாமல், வலைக்கூடத்தில் வளர்த்து நோயில்லை என்று சான்று பெற்ற நாற்றுப் பண்ணையில் வாங்க வேண்டும். நட்ட பிறகு நாள்தோறும் கவலைப்படத் தேவையில்லை. சில்லா பூச்சி முற்றிய இலையில் முட்டையிடுவதில்லை. விரியாத இளந்தளிரில்தான் இடும். கன்று தளிர்விடும் வாரங்களில், காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் இரண்டு நிமிடம் நின்று தளிர்களைத் திருப்பிப் பார்த்தால் போதும்.